மூன்று விரல்

முதல் தடவை போனபோது டாக்டரம்மா
கையுறை மாட்டிக்கொண்டு
அவர் வாய்க்குள் விரல் நிறுத்திப் பார்த்தாள்.
மூன்று விரல் நுழைந்தால் நல்ல வாய்.
இவருக்கு ஒன்றரை.
சீட்டில் ஊ தின் மாங் என்று எழுதினார்கள்.
கோயில் கணக்கில் மருதையன்.
நான் பெயர் சொல்வதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக
தாம்வே சந்தை முக்கில் எனக்குக் குன்யாக் கடை.
வெற்றிலை, சுண்ணாம்பு, காசுக்கட்டி,
பாக்கு, புகையிலை, ஒரு மடிப்பு.
முதல் மடிப்பு என்றைக்கும் இவருக்குத்தான்.
போணி என்று சொல்லிக் கை நீட்டுவார்,
காசு தரமாட்டார்.

இப்போதும் அதே ஐந்து மணிக்கு எழுந்து
அரிசியும் பாசிப்பயறும் குழைய வேகவைத்து
வெள்ளைத் துணியில் வடிகட்டி
முனையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ஏற்றி
மூக்குக் குழாய் வழியாக
மெல்ல மெல்ல இறக்குகிறேன்.
அவசரப்பட்டால் இருமுவார்.
இருமினால் ரத்தம்.
ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போனால்
விடிகிறவரை விசிறி மட்டை.
அப்புறம் கடையில் கை தடுமாறும்,
சுண்ணாம்பு கூடிப்போகும்,
சைக்கா மிதிக்கிற பையன்கள் நாக்கு வெந்து திட்டுவார்கள்.

மருந்துக்காசு இந்தக் கடையிலிருந்துதான்.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
எல்லாருக்கும் தெரியும்.

பேச்சு போய்விட்டது. நோட்டில் எழுதுவார்.
படித்தது பர்மாப் பள்ளிக்கூடம்,
வட்டம் வட்டமாக எழுத்து.
நான் கோயில் வகுப்பில் அ ஆ படித்தவள்.
முப்பது வருஷம் தமிழில் சண்டை போட்டோம்,
எழுதிக் காட்டத் தேவை வரவில்லை.
அதனால் எதிர்வீட்டு மின் தூவைக் கூப்பிடுவேன்.
ஏழாம் வகுப்பு. சாப்பிட்ட கையோடு வருவான்.
வாசிப்பான்:
கால் வலிக்கிறது.
தலையணையைத் திருப்பு.
மகாசாயிலிருந்து மகன் போன் செய்தானா?
நன்றாக இருக்கிறேன் என்று அவனிடம் சொல்.

ஒரு செவ்வாய்க்கிழமை
வாசிக்கத் தொடங்கியவன் பாதியில் நின்றான்.
காது சிவந்துவிட்டது.
'அமா, இது உங்க ரெண்டு பேருக்குள்ளது,
நான் படிக்க மாட்டேன்' என்று
செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.
திரும்பினால் இவர்
வீங்காத பக்கத்துக் கன்னத்தால் சிரிக்கிறார்.
தோள் குலுங்குகிறது, குழாய் ஆடுகிறது.
'வெட்கங்கெட்ட மனுஷா' என்றேன்.
காய்ந்த தனாக்கா என் முகத்தில்
பொருக்குப் பொருக்காய் வெடித்தது.

போன வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸ்
ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டாள்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லணும்.
வலிக்கு எட்டு விரல் காட்டினார்.
தூக்கத்துக்கு இரண்டு.
மொத்தத்தில் வாழ்க்கை எப்படி?
கைகள் கொஞ்ச நேரம்
லுங்கி மேலேயே கிடந்தன. பிறகு ஆறு.
அவள் நிமிர்ந்தாள். ஆறா?
ஆறுதான்.
'உங்களுக்கு, அமா?'
எனக்கு என்ன, நானா நோயாளி?
'வியாபாரம் மந்தம்' என்றேன்.
தாளைத் திருப்பி அதையும் எழுதிக்கொண்டாள்.

மந்தம்தான். நானே ஆக்கிக்கொண்டது.
குன்யா கேட்கிற பையனை
முதலில் வாயைத் திற என்கிறேன்.
உன் விரல்தான், மூன்றையும் சேர்த்து உள்ளே விடு.
நுழையாதவனுக்குக் கொடுக்கிறதில்லை.
சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள்,
நாலு எட்டு தள்ளி அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.
சோ ஊ என்கிற சைக்காக்காரன் மட்டும்
எதுவும் வாங்காமல் தினமும் வந்து
வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறான்.

அந்தத் தாளைக் கிழித்து
சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
சந்தையில் பர்மா படிக்கத் தெரிந்தவர்கள்
ஆயிரம் பேர் நடக்கிறார்கள்.
யாரிடமும் காட்டவில்லை.
ஈரம் பட்டு ஓரம் ஊதிப்போச்சு.
வட்டங்கள் அப்படியே இருக்கின்றன.